நீ கயிறில்லாமல் வந்த காலை

மச்சான்,

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிழமையாய் நான் பாதுகாப்புப் பட்டியை முன்பின் மாறிப் போட்டுக்கொண்டு உயரத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன். முதுகில் இருக்கவேண்டிய வளையம் நெஞ்சில் தாலி மாதிரித் தொங்கியிருக்கிறது. புதிதாய் வந்த இஞ்சினியர் பிள்ளை கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "ஐயா, அத ஒருக்காக் கழட்டி மாத்திப் போடுங்க" என்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைமை மேசனாம் நான்.

கழற்றும்போது அந்தப் பட்டி முகத்தில் உரசியது. வெயிலில் காய்ந்த நைலோன் மணம். அப்படியே உன் கயிற்றின் மணம்.

அமிர்தகழியில் அந்த மாடிவீட்டு வேலை தொடங்கிய நேரம், உன் மச்சினன் தோணி கட்டும் நீலக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்தாய். அப்போது எங்களுக்குப் பட்டியும் இல்லை, தொப்பியும் இல்லை. வேலையைப் பொறுப்பெடுத்த கொந்தராத்துக்காரர் தரவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. நீ மட்டும் கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் சுற்றி, மறு நுனியைத் தூணில் முடிந்துவிட்டுத்தான் பூச்சு வேலைக்குச் சாந்தகப்பையை எடுப்பாய்.

நீ கொக்கட்டிச்சோலைக்காரன், வீட்டில் நாலு மாடு. எனக்கு வாய் சும்மா கிடக்குமா? கீழே சீமெந்து குழைத்தபடியே "ம்மாஆ" என்று இழுத்துக் கத்தினேன். "இந்த மாடு களவு போகாது, கட்டித்தான் கிடக்கு!" சிரிப்புச் சத்தம் வாவிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். நீயும் சிரித்தாய். "கத்துடா மச்சான், நல்லாக் கத்து. நான் விழுந்தா நீதான் தூக்கோணும். பாரம் பாத்துக்க" என்றாய்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பகிடி எடுபட்டுவிட்டால் அது தேயும்வரை விடாதவன் நான். நீ முடிச்சுப் போடக் குனியும்போதெல்லாம் கத்தினேன். மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். ஒருநாள் தேத்தண்ணி நேரம் உன் மடியில் ஒரு பிடி வைக்கோலை வைத்தேன். அதற்கும் சிரித்தாய், ஆனால் கொஞ்சம் பிந்திச் சிரித்தாய். அதை நான் கண்டேன் மச்சான். கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்கடுத்த நாள் காலை நீ கயிறில்லாமல் வந்தாய்.

"எங்கடா கயிறு?"

"அவுட்டு விட்டாச்சு" என்றாய்.

எல்லாரும் கைதட்டினோம். முதலில் தட்டியவன் நான்.

சாரக்கட்டில் ஒரு பலகையின் நுனி கட்டாமல் கிடந்திருக்கிறது. இரவு மழை வேறு. நான் மேலே அனுப்பிய சாந்து வாளியை வாங்க நீ கிறுகித் திரும்பினாய், பலகை புரண்டது. "டேய்" என்று உன் வாயில் ஒரு சொல்தான் வந்தது. ஆசுபத்திரி வரைக்கும் உன் தலை என் மடியில் கிடந்தது. பாரமாகத்தான் இருந்தாய்.

விசாரிக்க வந்தவர்களிடம் பலகையைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், கொந்தராத்துக்காரரைச் சொன்னேன். மாடு மாதிரிக் கத்தியதைச் சொல்லவில்லை. ஆறு வருஷமாய் உன் மனுசியிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு திவசத்துக்கும் போவேன். "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா அண்ணன்?" என்பாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இப்போது நான் நிற்கிற வேலையில், ஒவ்வொருவன் முடிச்சையும் இழுத்துப் பார்க்காமல் மேலே விடுவதில்லை. பலகைக்கு இரண்டு நுனியும் கட்டியிருக்கவேண்டும். அதற்காக வாயை மூடிவிட்டேன் என்று நினைக்காதே. கட்டாமல் ஏறுகிறவனைத்தான் இப்போது பகிடி பண்ணுகிறேன். "என்ன மருமகன், செட்டை முளைச்சிட்டா?" என்றால் மற்றவர்கள் சிரிப்பார்கள், அவன் வெட்கப்பட்டு இறங்கி வந்து கட்டுவான். இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது மச்சான். அதே வாய்தான்.

இஞ்சினியர் பிள்ளை சொல்லிப் பட்டியை மாற்றிப் போட்ட அன்று பின்னேரம், வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனிச் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. உன் மனுசி முற்றத்தில் நான் உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி தந்தாள். கத்தியது, கைதட்டியது, வைக்கோல் வைத்தது, எல்லாம் சொன்னேன்.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தெரியும் அண்ணன். வைக்கல் வெச்ச அண்டைக்கு வந்து சொன்னவர். நானும் சிரிச்சன். 'நாம்பன் மாட்டுக்கு இண்டைக்குத் தவிடா, புண்ணாக்கா?' எண்டு கேட்டன். விடிய எழும்பி, கயித்த வீட்டில வெச்சிட்டுப் போனவர்."

ஆறு வருஷமாய் அவளும் இதை ஒருத்தருக்கும் சொல்லவில்லையாம். "உன்னில பிழையில்ல தங்கச்சி" என்று சொல்ல வாயெடுத்தேன். அதையே அவள் எனக்குத் திருப்பிச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. தேத்தண்ணியைக் குடித்தேன்.

அந்த நேரம் கதிரையின் பின்கால் உடைந்தது. நான் மணலில் மல்லாக்கக் கிடந்தேன். தேத்தண்ணி பாதி நான் போட்டிருந்த சேட்டில். அவள் கிட்ட வந்து கோப்பையை வாங்கிப் பார்த்தாள். உடையவில்லை. வேறு கதிரை இல்லை என்றாள். நிலத்திலேயே இருந்து மிச்சத்தைக் குடித்தேன்.