மூன்றாம் ஓலை

1968 பிப்ரவரி 5, திங்கள்

தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை. சானடோரியம் ஸ்டேஷன் வந்ததும் வழக்கம்போல எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தேன்.

நேற்று எங்கள் முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற அறிவிப்பு. ஓலை வாசிக்கிற ஞாயிறு மாப்பிள்ளை கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது அம்மா சட்டம். வீட்டில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்தேன். அம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள். "வில்பிரட்டுக்கும் ஞானஜோதிக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு பாதிரி ஐயர் கணீர்னு வாசிச்சாருடா. ஒருத்தர் வாயைத் திறக்கலை."

திறக்காதவர்களில் முதல் ஆள் அம்மாதானே! 57-ல் பதினோரு மாதம் நான் சானடோரியத்தில் கிடந்தேன். காசநோய், வலது நுரையீரல். குணமாகித்தான் அனுப்பினார்கள். ஆனால் பெண் வீட்டுக்கு அது தெரியாது. அந்த வருஷம் பெங்களூரில் அத்தை வீட்டில் இருந்து டைப்பிங் படித்ததாக அம்மா சொல்லிவிட்டாள். "குணமானதை எதுக்குச் சொல்லணும்? நீ சும்மா இரு."

ஞானஜோதி வந்தவாசிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் டீச்சர். நிச்சயத்தன்று ஒரே ஒரு தடவை பேசினோம். "தினமும் அதே ரயில்ல போய்வர அலுக்காதா?" என்று கேட்டாள். அலுக்கும் என்றேன். சிரித்தாள்.

பிப்ரவரி 8, வியாழன்

இரண்டு தடவை இருமினேன். இரண்டு தடவையும் கைக்குட்டையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பத்து வருஷமாக ஒன்றுமில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இன்றும் யாரும் எழுந்திருக்கவில்லையாம்.

ஐயருக்கு எல்லாம் தெரியும். சானடோரியத்துக்கு வந்து என் கட்டில் பக்கத்தில் ஜெபித்தவர் அவர். போன வாரம் அவரிடமே கேட்டேன், இது தடையில்லையா என்று. "குணமான வியாதி சபைச் சட்டப்படி தடை இல்லை. மத்தது உன் மனச்சாட்சி" என்றார். நன்றாக நழுவினார்.

திருவிருந்தில் நான் எப்போதும் கடைசி. ஆண்கள் முடிந்து, பெண்களும் முடிந்த பிறகு தனியாகப் போய் முழங்காலிடுவேன். ஒரே பாத்திரத்தில்தானே எல்லோரும் திராட்சை ரசம் குடிக்கிறோம்? நான் வாய் வைத்த பிறகு அதில் ஊர் வாய் வைக்க வேண்டாம் என்று பத்தொன்பது வயதில் முடிவு செய்தது. மிச்சத்தை ஐயர் குடிப்பார், அவர் தெரிந்தே குடிக்கிறார். சபைக்கு இது தாழ்மையாகத் தெரிகிறது. சபைப் பெரியவர் ஒருவர் பிரசங்கத்தில் என்னை உதாரணமாகவே சொல்லிவிட்டார். பூமி பிளக்காதா என்று இருந்தது.

சாயங்காலம் பாட்சாவின் சைக்கிள் கடை. சானடோரியத்துக்கு வாரம் தவறாமல் முட்டை கொண்டுவந்தவன் அவன். என்னைப் பார்த்ததும், "இன்னா மச்சான், மூஞ்சி பேஜாரா கீது? கெளம்பு, நாலு நாளு சைக்கிள்ல சுத்துவோம். உத்தரமேரூர் கல்வெட்டு, வந்தவாசி, செஞ்சிக் கோட்டை. இப்டியே குந்திகினு இருந்தா மெய்யாலுமே வியாதி வந்துடும்" என்றான்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்யாணம் 26-ம் தேதி. 28-ல் லெந்து நோன்பு தொடங்கிவிடும், நாற்பது நாள் கல்யாணம் கிடையாது, அதற்குள் முடித்தாக வேண்டும். இந்த நேரத்தில் ஊர் சுற்றலா என்று அம்மா கத்துகிறாள்.

பிப்ரவரி 15, வியாழன். உத்தரமேரூர்

விடியும்போது பெருங்களத்தூர் தாண்டிவிட்டோம். ஊரப்பாக்கத்தில் டீ. செங்கல்பட்டு ஏரிக்கரையில் எதிர்க்காற்று. பாலாற்றுப் பாலத்தில் பாட்சாவுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வாங்கவில்லை! முப்பத்தாறு மைல். அவனைவிட நான் நன்றாக மிதித்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கோயில் சுவர் முழுக்க சோழர் காலத்து எழுத்து. தோத்தாத்ரி என்று உள்ளூர்க்காரர் ஒருவர் வலிய வந்து விளக்கினார். குடவோலைத் தேர்தல். யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது எல்லாம் அதில் இருக்கிறதாம். "யார் பேரை ஓலையில எழுதப்படாதுன்னு ஊரே பாக்கறாப்பல கல்லுல வெட்டி வச்சுட்டான் பாருங்கோ. மூடி மறைக்கற பேச்சே கிடையாது!"

எனக்குக் காது சூடாகிவிட்டது.

பாட்சா சாப்பாட்டுக் கடை தேடிப் போனான். நான் தபாலாபீசுக்குப் போனேன். ஒரு கார்டு வாங்கி, இடது கையால், ஞானஜோதியின் அப்பா அசரியா பேருக்கு எழுதினேன்:

'மாப்பிள்ளை வில்பிரட் 1957-ல் பதினோரு மாதம் தாம்பரம் சானடோரியத்தில் இருந்தவர். மறைத்துவிட்டார்கள். விசாரிக்கவும். நலம் விரும்பி.'

பெட்டியில் போட்டாயிற்று. எனக்கு நானே மொட்டைக் கடிதாசி போட்டுக்கொண்டேன். இனி அவர்களாக நிறுத்திவிடுவார்கள், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நிம்மதி என்று எழுத வந்தேன். நிம்மதி எங்கே?

பிப்ரவரி 16, வெள்ளி. வந்தவாசி

வழியெல்லாம் அந்தக் கார்டு என்னோடு போட்டி போட்டுக்கொண்டு வந்தது. பஸ் கடந்தால் அதில் தபால் மூட்டை இருக்குமோ என்று பார்த்தேன். இடிந்த கோட்டைச் சுவரைக் காட்டி பாட்சா ஏதோ சண்டைக் கதை சொன்னான், காதில் விழவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு என்னை முழுசாகப் பார்த்தான். "உன் வியாதிய நீயே கோள் சொல்லிகினியா? அதுவும் பேர் போடாம? அந்தப் பொண்ணு இன்னா நெனைக்கும்? எவனோ பொறாமைக்காரன் எழுதினான்னு நெனைக்கும். உன்னாண்ட வந்து கேட்டா இல்லன்னுவியா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன் போல. சீ.

செஞ்சி வேண்டாம். நாளைக் காலை அந்தக் கிராமத்துக்கே போய், தபால்காரர் வருவதற்குள் கார்டைப் பிடித்துவிட வேண்டும். ஓலைக் காலத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவது பெரிய தப்பு. திராட்சை வாங்க வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 17, சனி. செங்கல்பட்டு, பாட்சாவின் மாமா வீடு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எட்டு மணிக்குப் போய்விட்டோம். ஊர் முகப்பில் சின்னக் கோயில், அதை ஒட்டி அசரியா மாமாவின் திராட்சைத் தோட்டம். ஆள் உயரத்துக்குக் கல் தூண், மேலே கம்பிப் பந்தல். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தலைக்கு மேலே எங்கே பார்த்தாலும் கறுப்புக் குலை. குளிர்ச்சி. ஈரமண் வாசனை. இந்த மாதிரி இடத்துக்கு ஒழுங்கான மனிதனாக வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

மாமா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். "வாங்க மாப்ளே! ஓலை நேரத்துல வந்திருக்கீங்க, பொண்ணு வெளிய வராது, ஆமா!" என்று சிரித்தார். குலையைத் தடவிப் பார்த்தே பழுத்ததா என்று சொன்னார். சுற்றுப்பட்டுச் சபைகளுக்கெல்லாம் திருவிருந்து ரசம் இங்கிருந்துதான் போகிறது. "புளிக்க விடாம காய்ச்சி இறக்கணும். மதுவிலக்குப் போலீஸ்காரர் மாசாமாசம் வந்து மோந்து பார்க்கிறாரு. ஏமாந்து போறாரு."

நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்சாவைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தேன். தபால்காரர் பின்பக்க வரப்பு வழியாக வந்தார்! நான் எழுந்திருப்பதற்குள் மாமா கையில் கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"ஜோதிதான் படிச்சுச் சொல்லும். நீங்க இருக்கீங்களே, படிங்க மாப்ளே."

என் இடது கை எழுத்து. என் கையில்.

"அன்புள்ள ஐயா, இவ்விடம் யாவரும் நலம்" என்று ஆரம்பித்துவிட்டேன். கார்டில் அப்படி எதுவும் இல்லை. என்னாலேயே நம்ப முடியவில்லை, அவ்வளவு சரளமாக வாயில் வந்தது. இன்னும் இரண்டு வரி சொல்லிக் கார்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டிருந்தால் முடிந்தது. மாமா தலையைச் சாய்த்து, ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"அப்படி இல்லை மாமா. முதல்லேருந்து படிக்கிறேன்" என்றேன். படித்தேன். நலம் விரும்பி வரைக்கும்.

"நிஜம்தான் மாமா. எழுதினது நான்தான்" என்றேன்.

"எத்தனை ஊசி?"

"தொண்ணூறு. அப்புறம் ரெண்டு வருஷம் மாத்திரை."

"நடுவுல நிறுத்தலையே?"

"இல்லை."

"அந்த வியாதிக்காரங்களுக்கு முப்பது வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான். எனக்கு வியாதி பெரிசில்லை. மூணாம் மனுஷன் மாதிரி எழுதினீங்களே, அதுதான்..." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்து அவள் குரல் கேட்டது. வெளியே வரவில்லை. "கடைசியா எப்ப எக்ஸ்ரே எடுத்தீங்க?"

"ஆறு வருஷம் ஆச்சு."

"எடுத்துப் பார்த்துட்டு எழுதுங்க." பிறகு, "எழுதறப்ப பேர் போட்டு எழுதுங்க."

மாமா சொல்லச் சொல்ல உள்ளே அவள் ஒரு கடிதம் எழுதினாள். எங்கள் ஐயருக்கு. மூன்றாம் ஓலையை நாளைக்கு வாசிக்க வேண்டாம் என்று. உறையை ஒட்டி மாமா என் கையிலேயே கொடுத்தார். "தபால்ல போட்டா திங்கக்கிழமைதான் போகும். ஆராதனைக்கு முன்னாடி நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க." கூடவே ஒரு ஓலைக்கூடை திராட்சை. கோபத்திலும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

கல்யாணத்தை நிறுத்துகிற கடிதத்தை மாப்பிள்ளையே சைக்கிளில் சுமந்துகொண்டு வருகிறான். நாற்பத்தைந்து மைல் மிதித்திருக்கிறேன். இன்னும் பதினெட்டு.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஊரப்பாக்கம் தாண்டியதும் என் பின்சக்கரம் பஞ்சர். மணி ஏழரை. எட்டரைக்கு ஆராதனை.

பாட்சா குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். "மச்சான், நல்லா கேட்டுக்கோ. இது நெஜமான பஞ்சர். ஒட்டிகினு மெதுவா போனா ஓலையும் வாசிச்சிருப்பாங்க, உன் மேல தப்பும் இல்ல. லெந்துக்கு முன்ன கல்யாணமும் ஆவும். இன்னா சொல்றே?"

ரோட்டோரமாக இரண்டு நிமிஷம் நடந்தேன், திரும்பி வந்தேன். சட்டைப்பையில் கடிதம் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. முகவரி அவள் எழுத்து. கொஞ்சம்கூடச் சாயாத எழுத்து.

"உன் வண்டியைக் கொடு" என்றேன்.

"அதுக்குத்தான் எறங்கி நிக்கறேன்" என்றான்.

முதல் மணி அடிக்கும்போது கோயில் வாசலில் இருந்தேன். ஐயர் அங்கி போட்டுக்கொண்டிருந்தார். படித்தார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன். வேறொரு ஜோடியின் ஓலை வாசித்தார்கள். எங்கள் பேர் வரவில்லை. உள்ளே அம்மா உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். ராத்திரிக்குச் சோறு மட்டும் போட்டாள்.

பிப்ரவரி 21, புதன்

ஆறு வருஷம் கழித்து சானடோரியம் வாசலுக்குள் போனேன். அதே சவுக்கு மரங்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். மூச்சைப் பிடி என்றார்கள். பிடித்தேன். விடு என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

இன்று கல்யாணமாக இருந்திருக்கும். ஆபீசுக்குப் போனேன்.

மார்ச் 1, வெள்ளி

படத்தையும் டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பழைய வியாதி ஆறிவிட்டது, புதிதாக ஒன்றுமில்லை. கூட ஒரு கடிதம், வலது கையால், முழுப் பேர் போட்டு. ஆறு தாள் கிழித்த பிறகு நாலு வரிதான் மிஞ்சியது. பயந்துவிட்டேன், அதுதான் காரணம், வேறு காரணம் இல்லை என்று எழுதினேன்.

மார்ச் 9, சனி

தபால் இல்லை.

மார்ச் 16, சனி

இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதித் தொலைக்கக் கூடாதா? அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மார்ச் 23, சனி

கார்டு. உறைகூடப் போடவில்லை, ஊரே படிக்கட்டும் என்று!

'படத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியவில்லை, அதனால் நான் பார்த்து அவருக்குச் சொன்னேன். வலது பக்கம் மேலே சின்னதாக ஒரு தழும்பு. தழும்பு என்றால் ஆறிய புண்தானே என்கிறார் அப்பா. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசிக்கச் சொல்லலாம். இப்படிக்கு, அ. ஞானஜோதி.'

அம்மாவிடம் நீட்டினேன். படித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்டா" என்கிறாள்! என்னை! சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

ஏப்ரல் 21, ஞாயிறு

மூன்றாம் ஓலை. நான் பாட்சா கடையில் இருந்தேன். அந்தப் பின்சக்கரத்துக்கு வேறு டயர் போட்டோம்.

ஜூன் 2, ஞாயிறு

கல்யாணம் ஆகி ஐந்து வாரம். இன்று திருவிருந்து. ரசம் மாமா தோட்டத்தது, ஜோதி கொண்டுவந்த பாட்டில்.

ஆண்கள் வரிசை போய் வந்தது. பிறகு பெண்கள். அம்மா போய்விட்டு வந்தாள். ஜோதி எழுந்திருக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு வழக்கம்போல் எழுந்து போய்ப் பீடத்துக் கம்பிக்கு முன்னால் முழங்காலிட்டேன். இடதுபக்கம் புடவைச் சத்தம். பக்கத்தில் அவள்.

ஐயர் ஒரு கணம் நின்றார். எனக்குப் பாத்திரத்தைக் கொடுத்தார். குடித்தேன். ஓரத்தைத் துடைக்க அவர் துணியை எடுப்பதற்குள் அவள் கையை நீட்டிவிட்டாள். நான் வாய் வைத்த இடத்திலேயே வைத்துக் குடித்தாள்.

இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து வந்தோம்.

வீட்டுக்கு வரும் வழியில், "நீ ஏன் பொம்பளைங்க வரிசையில போகலை?" என்று கேட்டேன்.

"அடுத்த தடவை நீங்க ஆம்பளைங்க வரிசையிலேயே போயிடுங்க. கடைசி வரைக்கும் வெறும் வயித்தோட உக்காந்திருக்க முடியலை, பசிக்குது" என்றாள்.

சரி என்றேன்.