கவிதாவுக்குக் கேட்காத மணி

வியாழன், இரவு.

காது கேளாதோர் பள்ளியில் என்னிடம் கம்ப்யூட்டர் படித்த கவிதாவுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. இடத்தைக் காட்ட இன்று நான்தான் கூட்டிப்போனேன். ஸ்டோர் அறையில் உட்கார்ந்து அவள் பழகிப்பார்க்க உதிரிபாகங்களின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டிருந்தாள். நான் வாசலில் சூப்பர்வைசரோடு பேசிக்கொண்டிருந்தபோது தீ மணி அலறியது. எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். அவள் வரவில்லை.

உள்ளே ஓடினேன். திரையைப் பார்த்தபடி நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் நிமிர்ந்து சிரித்தாள்.

"டிரில்தான் மேடம், இன்னாத்துக்கு இப்டி பயப்படுறீங்க? நெசமா தீ புடிச்சா பக்கத்துல கீறவங்க சொல்ல மாட்டாங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

இன்று அவள் பக்கத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், இந்த வேலை வேண்டாம் என்று சைகையில் சொன்னேன். அவள் விரல்கள் கோபமாகப் பதில் சொன்னன: "மணி அடிச்சா எரியுற மாதிரி ஒரு லைட்டு கேளுங்க மிஸ். வேலைய விடச் சொல்லாதீங்க."

லைட் கேட்டு தொழிற்சாலைக்கு மெயில் அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. காலை ஆறு மணிக்கு அவளுக்கு முதல் ஷிப்ட். நாளை அவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.