நன்றியுரையில் ஒரு வரி

மார்ச் 3, திங்கள்

முதலாளி இன்றும் அதே பாட்டு. "கண் டெஸ்ட் பண்ற ரூம் கதவ ஏம்மா திறந்தே வச்சிருக்க? ஏசி மொத்தமும் தெருவுக்குப் போகுது." தெருவுக்கும் கொஞ்சம் நல்லது நடக்கட்டுமே சார் என்றேன். சிரிக்கவில்லை. இருபது வருஷமாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறவர். என் முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ.

கதவை மூடினால் எனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லலாம். லீவு எடுத்துக்கொள்ளச் சொல்வார், அதுவும் சம்பளமில்லாமல்.

வீட்டுக்கு வந்தால் அம்மா: "கொஞ்சம் சிரிச்ச முகமா இரேன்டி." இருக்கிறேனே. பல் தெரியவில்லையா?

மார்ச் 5

பஸ் ஓட்டும் அக்கா ஒருவர் யூனிஃபார்மோடு வந்தார். தன் கண்ணாடி மேல் தானே உட்கார்ந்துவிட்டாராம். பலகையில் எழுத்துகளை வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். "வெளிச்சம் வர்றதால கடைசி வரி தெரியல. ஆனா கதவ மூட வேணாம். நானும் ரொம்ப நாள் எங்கேயும் கதவ மூட விடாமத்தான் இருந்தேன்."

என்ன சொல்கிறீர்கள், புரியவில்லை என்றேன்.

"புரியலன்னா விட்டுடுங்க. புரிஞ்சா சனிக்கிழமை சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல் மாடிக்கு வாங்க. டாக்டர் கிடையாது, பிரசங்கம் கிடையாது. நம்மள மாதிரி ஆளுங்கதான்."

நம்மள மாதிரியாம். பத்து நிமிடம்கூடப் பழகவில்லை, அதற்குள் உறவு வந்துவிட்டது. ஃபிரேம் தேர்ந்தெடுக்க மட்டும் அவருக்கு ஒரு மணி நேரம்.

மார்ச் 8

வேறு வேலை இல்லாததால் போனேன் என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

சுவர் முழுக்க சாலை விதிகள். நில். வளைவு. ஹாரன் அடிக்காதே. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், வட்டமாக. உலகத்தில் எந்தத் துயரமானாலும் பிளாஸ்டிக் நாற்காலியை வட்டமாகப் போட்டுவிட்டால் பாதி தீர்ந்துவிடும் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். தலைவி இல்லை, மேசை இல்லை. யாருக்கு வாய் வருகிறதோ அவர் பேசுகிறார். வராதவர் பேசாமல் இருக்கிறார்.

நர்ஸ் ஒருவர் எனக்கு விதிகள் சொன்னார். "ஏன் போன, ஏன் கத்தல, ஏன் அப்பவே சொல்லலன்னு, 'ஏன்'ல ஆரம்பிக்கிற எதையும் இங்க கேக்கக் கூடாது. அறிவுரை, கேட்டா மட்டும். இங்க கேட்டது படி இறங்கக் கூடாது. அப்புறம், ஒருத்தங்க பேசுறப்ப பிஸ்கட் கடிக்கக் கூடாது."

"கடைசி ரூல் நான் போட்டது," என்றாள் கல்லூரிப் பெண் ஒருத்தி. "நான் அழுதுட்டு இருக்கேன், இவங்க நறுக்கு நறுக்குன்னு..."

"எனக்கு சுகர் இறங்கிடுச்சுடி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

என் பக்கம் வந்தபோது, "எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா பாக்க வந்தேன்" என்றேன். யாரும் புருவம்கூட உயர்த்தவில்லை. "சும்மா பாக்க வர்றவங்களுக்கும் டீ உண்டு" என்று டிரைவர் அக்கா கப்பை நீட்டினார். மற்றவர்கள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. படி இறங்கக் கூடாதே.

மார்ச் 11

முதலாளி வரவில்லை. கடையில் வியாபாரம் நன்றாக நடந்தது. சொல்லக் கூடாது.

மார்ச் 15

சொல்லிவிட்டேன்.

போன ஜூலையில் அப்பாவின் வரிக் காகிதங்களைக் கொடுக்க ஆடிட்டர் மாமா ஆபீசுக்குப் போனேன். மாமா என்றால் சொந்தம் இல்லை. அப்பாவின் பள்ளித் தோழர், எங்கள் வீட்டில் எல்லாக் கையெழுத்துக்கும் அவர்தான் சாட்சி. ஊரே தங்கமான மனுஷன் என்கிறது. அன்று ஆபீஸ் பையனைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டுத் தங்கமான மனுஷன் கதவைச் சாத்தினார். வேண்டாம் மாமா, வேண்டாம் மாமான்னு நான்... அப்பவும் மாமான்னுதான் கூப்பிட்டிருக்கேன். மரியாதையா. முப்பத்திரண்டு வயசுல எனக்கு அதுதான் வந்துச்சு. தள்ளினேன், முடியல.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள், அவருக்கு பிரஷராம். அப்பாவின் பிரஷரை இத்தனை மாதமாக நான்தான் குறைத்து வைத்திருக்கிறேன். மருந்துக் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பலாம்.

இதைச் சொன்னபோது மாடி அறையில் யாரும் ஐயோ என்று வாயில் கை வைக்கவில்லை. யாரும் என்னைத் தொடவும் இல்லை. நர்ஸ் மட்டும், "தண்ணி வேணுமா, டீ வேணுமா?" என்றார். டீ என்றேன். எனக்கு என்ன வேணும்னு கேட்டதுக்கு அழுதேன். வேற எதுக்கும் இல்ல.

மார்ச் 19

நல்ல செய்தி! அப்பா பேங்கிலிருந்து ஓய்வு பெறுவதற்கு ஹால் எடுத்துப் பாராட்டு விழா. வாழ்த்துரை யார்? வேறு யார், தங்கமான மனுஷன்தான். அவருக்கு நினைவுப் பரிசு கொடுப்பது யார்? மேடையில் ஏறி, சிரித்த முகமாக?

"நீ குடுக்கலன்னா நாலு பேரு என்னன்னு கேப்பாங்க" என்றாள் அம்மா. அந்த நாலு பேரை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். கண் டெஸ்ட் இலவசம்.

மார்ச் 22

இன்று மாடியில் சண்டை. நான்தான் அறிவுரை கேட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மேடையிலேயே மைக்கில் சொல்லிவிடு என்றார் நர்ஸ். கல்லூரிப் பெண் வெடித்தாள். "சொன்னா எல்லாம் சரியாயிடுமா? எங்க வீட்ல சொன்னேன். எங்கண்ணன் இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட பேசல. நம்பலன்னா இவங்க எங்க போவாங்க?"

டிரைவர் அக்கா என்னிடம் கேட்டார். "மத்தவங்கள விடு. உனக்கு யாருக்குத் தெரியணும்?"

யோசித்தேன். ஊருக்கு இல்லை. அப்பாவுக்கு.

"சரி. நம்பினா நல்லது. நம்பலன்னாலும் நீ தனியா நிக்கக் கூடாது. உங்க வீட்டுக்கு எதுத்தாப்ல பார்க் இருக்குல்ல?"

மார்ச் 23, ஞாயிறு

நர்ஸ் காலையிலேயே பார்க் பெஞ்சில். கறுப்புக் கண்ணாடி, குடை, கையில் தலைகீழாகப் பிடித்த செய்தித்தாள். ரகசிய போலீஸ் கெட்டது போங்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கொஞ்சம் தைரியம் வந்தது.

அப்பா நன்றியுரை எழுதி வைத்திருந்தார். பிழை பார்த்துக் கொடுக்கச் சொன்னார். ஒரு வரியில், 'என் இன்ப துன்பங்களில் என் குடும்பத்தைத் தன் குடும்பமாகப் பார்த்துக்கொண்ட நண்பன்'.

"இந்த வரிய எடுத்துடுங்கப்பா."

"ஏம்மா, பிழையா?"

"பெரிய பிழைதாம்பா."

அப்புறம் சொன்னேன். எல்லாம் இல்ல, போதுமான அளவு. அப்பா காகிதத்தையே பாத்துட்டு இருந்தார். பேனாவ மூடிட்டு, "நிச்சயமா அவன்தானா?" என்றார்.

நிச்சயமா அவன்தானா!

"பாக்குறது என் தொழிலுப்பா. பட்டப்பகல். எனக்குப் பவரும் கிடையாது."

"அம்மாவுக்குத் தெரியுமா?" தலையாட்டினேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

பார்க்குக்கு ஓடினேன். நர்ஸ் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். நம்பினாரா இல்லையா என்றே தெரியவில்லை என்றேன். "தெரியலன்னா தெரியலதான்" என்றார். இவ்வளவு உபயோகமில்லாத பதில் எனக்கு இவ்வளவு ஆறுதலாக இருந்ததில்லை.

மார்ச் 26

அப்பா பேசுவதில்லை. அம்மா நிறுத்துவதில்லை. வீட்டில் மொத்தப் பேச்சின் அளவு குறையவில்லை.

மார்ச் 29

விழா.

பரிசு கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் டிரைவர் அக்கா, நர்ஸ், கல்லூரிப் பெண் மூவரும் வந்து என் இரண்டு பக்கமும் நிரப்பிக்கொண்டார்கள். "சனிக்கிழமை இல்லையா? கூட்டத்த இங்க மாத்திட்டோம்" என்றார் அக்கா. கண் டெஸ்டுக்கு வருபவர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். பொய்யில்லை, ஒருவராவது வந்தார்.

ஆடிட்டர் மைக்கைப் பிடித்தார். கோட், சென்ட், கரகரப்பான குரல். "என் உயிர் நண்பன்..." என்று ஆரம்பித்தார்.

அப்பா எழுந்தார். ஒன்றுக்குப் போகிறார் போல என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான். மேடையை விட்டு இறங்கி, முதல் வரிசை, நடு வரிசை எல்லாம் தாண்டி நேராகக் கடைசி வரிசைக்கு வந்தார். "கொஞ்சம் நகருங்கம்மா" என்று டிரைவர் அக்காவிடம் சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேடையில் விழா நாயகன் நாற்காலி காலி. அதைப் பார்த்து உயிர் நண்பன் இன்னும் கொஞ்ச நேரம் பாராட்டினார். ஹாலில் தலைகள் திரும்பின. அவரும் பார்த்தார். அப்பாவை, பிறகு என்னை. பிறகு தண்ணீர் கேட்டார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார், முன்னால் இருந்தவரின் முதுகிடம். முதுகு பதில் சொல்லவில்லை. நான்தான், "சரிப்பா" என்றேன். சரியாகிவிட்டதா? இல்லை. ஆனாலும் சொன்னேன்.

ஏப்ரல் 2

போலீஸ் ஸ்டேஷன். அப்பாவுக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் இருந்தேன், விழாவுக்குப் பிறகு அது போதவில்லை. புகார் கொடுத்தேன். டிரைவர் அக்கா லீவு போட்டு வந்திருந்தார். எழுதிக்கொண்ட பெண் அதிகாரி, "இவ்வளவு நாள் ஏன்..." என்று ஆரம்பித்தார். அக்கா தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், கேள்வி பாதியில் இறங்கிக்கொண்டது.

சம்பவத்தன்றே யாரிடமாவது சொன்னேனா? அம்மாவிடம். அப்படியானால் அம்மா வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம்.

அம்மா: "நான் செத்தாலும் அந்தப் படி ஏற மாட்டேன்." ஸ்டேஷனுக்குப் படியே கிடையாது. சொல்லவில்லை.

ஏப்ரல் 5

அம்மாவை எப்படியாவது சம்மதிக்க வைக்க வழி சொல்லுங்கள் என்று மாடியில் கேட்டேன். வழி தெரியாது என்றார்கள். "எங்கம்மாவுக்கு நாலு வருஷம் ஆச்சு" என்றாள் கல்லூரிப் பெண். அம்மா இல்லாமலே வழக்கு நடந்தால் யார் யார் கூட வருவது என்று மட்டும் பேசினோம். எல்லாரும் வருகிறார்களாம். பஸ் பிடிக்க வேண்டியதுதான். ஓட்ட ஆள் இருக்கிறது.

ஏப்ரல் 9

ஆடிட்டரின் மனைவி அம்மாவுக்கு போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அழுதார், புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சினார், அம்மாவும் கூட அழுதாள். கடைசியில், "பொண்ண ஒழுங்கா வளத்திருந்தா இப்படி வந்து நிக்குமா?" என்றது அந்தக் குரல்.

அம்மா அழுகையை நிறுத்தினாள். "யாரு பொண்ண?" என்றாள். போனை வைத்தாள்.

நியாயம், உண்மை, பெற்ற பாசம் எதுவும் செய்யாததை வளர்ப்பைப் பற்றிய ஒரு சொல் செய்துவிட்டது. பரவாயில்லை. எது வேலை செய்கிறதோ அது.

ஏப்ரல் 10

காலையில் அம்மா கிளம்பி நின்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டிரைவர் அக்காவுக்கு மட்டும் செய்தி அனுப்பினேன்.

ஸ்டேஷனில் அதே பெண் அதிகாரி. "உங்க பொண்ணு வந்து சொன்னதும் நீங்க என்ன பண்ணீங்க?"

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேசையில் வைத்தார். அம்மா குடிக்கவில்லை.

"போய்க் குளின்னு சொன்னேன்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"அவ போட்டிருந்த துணிய நான்தான் ஊற வச்சேன். அலசிக் காயப் போட்டேன். அவ அழுதா, சத்தம் போடாதேன்னேன். அதையும் எழுதிக்கோங்க."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாடி அறையிலும் சொல்லவில்லை, இந்த நோட்டிலும் எழுதவில்லை. அம்மாவைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. அவளாகவே சொல்லிவிட்டாள்.

வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். ஒரு இடத்தில், "'அழுதா'ன்னு சொன்னேனே, அத விட்டுட்டீங்க" என்றாள். அதிகாரி சேர்த்து எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டாள்.