மிளகு வாசனை அடித்த ஒயின்

மோரோ தல்பா
12 செப்டம்பர் 2011

அன்புள்ள நொரீனா,

முழங்கால் வலி தேவலையா? இங்கே லாக்ரிமா என்று ஒரு கறுப்புத் திராட்சை. பன்னிரண்டு வரிசைக் கொடியை வைத்துக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும் ஒயின் செய்கிறார்கள். கிளாஸை எடுத்ததுமே ரோஜா மணம். குடித்தால் நான் தேடும் மிளகு வாசனை இல்லை. "என்னய்யா, முகம் விழுந்துபோச்சு? எங்க சரக்கு புடிக்கலியா?" என்று அந்த அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டார். போன மாதம் ஃப்ரியூலியில் குடித்த ஸ்கியோப்பெத்தீனோ ஒயினில் மிளகு இருந்தது, ரோஜா இல்லை.

1961-ல் உங்களைப் பெண் கேட்டு வந்தபோது உங்கள் அப்பா ஊற்றியதில் இரண்டும் இருந்தன. கொடியெல்லாம் ஆலங்கட்டி மழையில் போய்விட்டது என்று அப்போதே எழுதினீர்கள். இருந்தாலும் வேறு எந்தச் சின்னத் தோட்டத்திலாவது அதே ஜாதி இருக்காதா என்று ஐம்பது வருஷமாக அலைகிறேன். என் மனைவி இருந்தவரை, "உன்ன அந்த ஒயினுக்கே கட்டி வச்சிருக்கணும்" என்பாள்.

கண் மங்கிவிட்டது. இந்த அறுவடையோடு கார் ஓட்டுவதை நிறுத்தச் சொல்கிறாள் மகள். ரயில்வே சிக்னல்காரன் மகன் என்று உங்கள் அப்பா என்னை வேண்டாம் என்றதில் எனக்கு வருத்தமில்லை. உங்களுக்கும் தெரியாது என்றீர்கள், அவரிடமே திராட்சையின் பெயரையாவது கேட்டு வைத்திருக்கலாம்.

எர்மேதே


காவெர்ஸோ
20 செப்டம்பர் 2011

அன்புள்ள எர்மேதே,

வலி அப்படியேதான். பேத்தி ஜினேவ்ரா ஒயின் படிப்பில் முதலாவதாகத் தேறிவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்பு. அவள் கழுத்தில் மெடல். தெருவில் எல்லோருக்கும் காட்டியாயிற்று, தபால்காரர் உட்பட.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "நம்ம நெலத்துல பார்பேராவத் தவிர வேற திராட்சையே இருந்ததில்லையே பாட்டி?" என்கிறாள். "வாய மூடுடி, எல்லாம் தெரிஞ்சவளாட்டம்" என்றேன்.

தேடியது போதும். குளிர் வருகிறது, வீட்டில் இருங்கள்.

நொரீனா


நொவாரா
22 அக்டோபர் 2011

அன்புள்ள நொரீனா,

கடைசியாக கெம்மே பக்கம் வெஸ்போலினா ஒயின் குடித்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. காரை விற்றுவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு திராட்சை ஜாதிகளைப் பற்றிக் குறித்து வைத்த நோட்டு இது. ஜினேவ்ராவுக்குப் பயன்படும். முதல் பக்கம் மட்டும் காலி. அது உங்கள் வீட்டு ஒயினுக்காக விட்டது.

எர்மேதே


காவெர்ஸோ
3 நவம்பர் 2011

அன்புள்ள எர்மேதே,

நோட்டு வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆலங்கட்டி மழையே பெய்யவில்லை. அந்த வருஷம் எங்கள் பார்பேரா புளித்துக் காடியாகிவிட்டது. நீங்களோ என்னைக் கேட்டு வருகிறீர்கள். சந்துக்கு அந்தப் பக்கம் மாட்டுக்காரர் வீடு. எங்கள் வீட்டார் யாரும் அந்த வாசலில் கால் வைக்கமாட்டார்கள். அம்மா பின்பக்கமாகப் போய் ஒரு கூஜா ஒயின் வாங்கி வந்தாள். அவர்கள் தொழுவத்துச் சுவரில் ஏறிய ஒற்றைக் கொடி. அதற்குப் பெயரே கிடையாது. எங்களுடையது என்று சொல்லி அப்பா ஊற்றினார்.

நீங்கள் சும்மா குடித்துவிட்டுப் போயிருக்கலாம். "அடுத்த அறுவடைக்கு நானே வந்து பறிக்கிறேன், எந்தக் கொடின்னு காட்டுங்க மாமா" என்றீர்கள். நீங்கள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டீர்கள், அப்பா அம்மாவிடம் சொன்னார்: "பையன் தங்கம்தான். ஆனா எந்தக் கொடியக் காட்டுறது? ஊரே சிரிக்கும். வேணாம்னு சொல்லி அனுப்பிடு." சிக்னல்காரர் மகன் என்ற பேச்சே எழவில்லை.

பிறகு நீங்கள் கேட்டு எழுதியபோது ஆலங்கட்டி மழை என்று புளுகியது அப்பா இல்லை, நான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேத்தி எடுத்த பிறகும் அதைத் திருத்தாததும் நான்தான்.

நேற்று அந்தச் சந்தைத் தாண்டிப் போனேன். மாட்டுக்காரர் மகள் டெல்ஃபீனா கதவைத் திறந்தாள். "என்ன நொரீனா, உங்கம்மா கொண்டுபோன கூஜாவத் திருப்பித் தர இப்பத்தான் நேரம் கெடச்சுதா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கொடி இன்னும் இருக்கிறது. வருஷத்துக்கு முப்பது பாட்டில் போடுகிறாளாம். ஒன்று கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வாருங்கள். ஜினேவ்ரா ஸ்டேஷனுக்குக் கார் கொண்டுவருவாள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் சொல்லிவிடுங்கள், பாட்டிலை அவளே உங்களிடம் கொண்டுவந்து கொடுப்பாள். வந்தால் இரண்டு கிளாஸ் வைப்பேன். அன்றைக்கு இருந்தது ஒரு கூஜாதான், பெண்களுக்கு ஊற்றவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நொரீனா