முப்பத்துநான்காவது ஏப்ரன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஒரு வாரமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படியில் ஒளிந்துகொண்டேனே, ஏதோ கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை, பயம். இன்றைக்குத்தான் அது விட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன மாதம் உன் ஆய்வுக்காக என்னிடம் ஒன்று கேட்டாய். முப்பது பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளை விட ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, உங்கள் சலவைக்கூடத்தில் எத்தனை பெண்கள் என்று. வருகைப் பதிவேடு எழுதுகிறவளே நான்தான் என்பதால் சட்டென்று இருபத்தொன்பது என்றேன். அது பொய். பதிவேட்டில்தான் இருபத்தொன்பது, ஆட்கள் முப்பத்துநாலு. மிச்சம் ஐந்து பேரும் முதலாளியின் மச்சான் பக்கத்தில் நடத்துகிற அட்டைப்பெட்டிக் கடையில் வேலை செய்வதாக எழுத்தில் இருக்கிறது, ஆனால் நாள் முழுக்க எங்களோடு நின்று ஆஸ்பத்திரி விரிப்புகளைத்தான் மடிக்கிறார்கள். அதில் மூன்று பேருக்குக் கைக்குழந்தை. ஆறு வருடமாக என் கையால்தான் அப்படி எழுதி வந்தேன். உண்மையைச் சொன்னால் நீ எழுதிவிடுவாய், அது முதலாளி காதுக்குப் போகும், என் வேலையோடு அந்த ஐவர் வேலையும் போய்விடும் என்று பயந்தேன். நீயோ அடுத்த வாரமே கூப்பிட்டு, அம்மா சொன்னதை வைத்து ஓர் அத்தியாயமே முடித்துவிட்டேன், சட்டத்தின் எல்லைக்கு ஒரே ஆள் குறைவாக நேர்மையாக நடக்கிற ஓர் இடம் என்று எழுதியிருக்கிறேன் என்றாய். அந்த ‘நேர்மையாக’ எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. நாளைக்கு யாராவது தோண்டி எடுத்தால் பொய் சொன்னவள் நீ என்றுதானே ஆகும்.

போன செவ்வாய்க்கிழமை தொழிலாளர் துறையிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வழக்கம்போல ஐவரும் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக மச்சான் கடைக்கு ஓடினார்கள். அவர் பதிவேட்டைப் பார்த்தார், தலைகளை எண்ணினார், எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பும்போது ஈரக் கையைத் துடைக்க ஆணியில் தொங்கிய ஓர் ஏப்ரனை இழுத்தார், ஓரத்தில் சிவப்பு நூலில் 34 என்று தைத்திருந்தது. தைத்தது யார், உன் அம்மாதான். எங்கள் தொழிலில் நூல் குறி இல்லாத துணி தண்ணீருக்குள் போகாது, போனால் யார் விரிப்போடோ கலந்து காணாமல் போய்விடும். பதிவேட்டில் வரக்கூடாத ஆள் என்பது மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை, அதுபாட்டுக்கு ஒன்றிலிருந்து முப்பத்துநாலு வரை தைத்துவைத்திருக்கிறது. இது யாருடையது என்று கேட்டார். நின்றுபோன ஒருத்தியுடையது என்று சொல்ல வாயெடுத்தேன், முதலாளியும் கண்ணால் அதைத்தான் சொன்னார். உன் அத்தியாயம் ஞாபகத்துக்கு வந்தது. “முப்பத்துநாலு பேரும் இருக்கோம் மேடம். அஞ்சு பேரைப் பின்னாடி அனுப்பிட்டோம். பதிவேடு எழுதினது நான்தான்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் முதலாளி குதித்த குதியைச் சொல்லி முடியாது. ஏப்ரனுக்கு யார் நம்பர் போடச் சொன்னது என்று கத்தினார். ஒரு துணி தொலையக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன், இஸ்திரி போடுகிற பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேதான் தினமும் போய்வந்தேன். இன்று காலை தொழிலாளர் துறையின் ஆணை வந்துவிட்டது, எனக்கும் வீட்டுக்கு ஒரு நகல் வந்தது. ஐவரையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், மூன்று மாதத்துக்குள் அறை வேண்டும், உண்மை சொன்னவளை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது. அப்பா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்பாடா என்று உட்கார்ந்தேன், எத்தனை நாளைக்குப் பிறகு பசித்தது தெரியுமா. உடைந்த தள்ளுவண்டிகள் கிடந்த சாமான் அறையை மத்தியானமே எல்லாருமாகச் சேர்ந்து காலி செய்தோம், நல்ல பெரிய ஜன்னல் இருக்கிறது. அங்கே நிற்கும்போது உன் ஞாபகம்தான். நாலு வயதில் உன்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனவள் நான், நானே இன்னொருத்தி பிள்ளைக்கு அறை கிடைக்காதபடி எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசாகிவிட்டது.

இன்னொன்று. எங்கள் வேன் ஓட்டுகிறவர் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, தன் பையனையும் விடலாமா, அவன் அம்மா வேலை பார்க்கிற கடையில் மொத்தமே மூன்று பேர்தான் என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குப் போன் போட்டோம், சட்டம் பெண் தொழிலாளர்களின் பிள்ளைகளைத்தான் சொல்கிறது என்றார். சட்டத்தையே ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்கிற படிப்பு என்று நீ சொன்னபோது, இதற்கா இத்தனை தூரம் போனாய் என்று கேலி செய்தேன். இப்போது எனக்கே கேள்வி வருகிறது. பிள்ளை அம்மாவுக்கு மட்டுமா பிறக்கிறது? பெண்களை மட்டும் எண்ணுவதால்தானே முப்பதாவது பெண் வேண்டாதவளாகிறாள், ஆண்களையும் சேர்த்து எண்ணினால் முதலாளி யாரை ஒளித்துவைப்பார்? அதற்காகச் சட்டமே வேண்டாம் என்று எழுதிவிடாதே, அது இல்லாவிட்டால் சாமான் அறை சாமான் அறையாகவே இருந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள், காலைச் சாப்பாட்டைத் தேநீரோடு முடித்துவிடாதே. எடுத்த படிப்பை நல்லபடியாக முடித்து நூறு வயது நிறைவாக இரு. அத்தியாயத்தை மறக்காமல் திருத்து, திருத்தும்போது என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் மறைக்காதே. முதலில் ஏன் தப்பாக இருந்தது என்று பேராசிரியர் கேட்டால், என் அம்மா பயந்துபோய் என்னிடமே பொய் சொன்னாள் என்று எழுது. பெற்ற மகளிடமே பொய் சொல்லும்படி ஒருத்தியைப் பயமுறுத்துகிற ஓட்டை அந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தானே நீ போயிருக்கிறாய்.

ஆசிகளோடு,
உன் அம்மா