சுருக்கத்தில் இல்லாத கட்டம்

ஜூன் 16, திங்கள்

தூறல். குடை மறந்தாச்சு. உரிகத்தில் ரயில் ஏறும்போது வழக்கமான இடம் காத்திருந்தது, ஜன்னலோரம், மேலே நீலக் கைக்குட்டை. மாரிகுப்பத்திலேயே ஏறிவிடும் பிலோமினா அக்கா (இனி பி.அ., எழுதி மாளாது) தினமும் எனக்காகப் போட்டு வைப்பது.

எங்கள் பெட்டியில் செய்தி வாசிப்பது நான். முன்பு பேப்பர், இப்போது போன். விளம்பரம் துள்ளித் துள்ளி வந்து எனக்குத் தலைவலி. போன மாதம்தான் 'வாசிப்பு முறை' பொத்தானைக் கண்டுபிடித்தேன். அமுக்கினால் வெள்ளைத் தாளில் எழுத்து மட்டும். பக்கத்திலேயே 'சுருக்கம்'. எவ்வளவு நீளச் செய்தியானாலும் ஐந்து வரி. பங்காரப்பேட்டை வருவதற்குள் உலகமே முடிந்துவிடுகிறது. எதிர் சீட்டு வேலு அண்ணன் (செக்யூரிட்டி வேலை, எப்போதும் அரைத்தூக்கம்) என்னை 'நியூஸ் டீச்சர்' என்கிறார். கொஞ்சம் பெருமைதான்.

இன்று பெரிய செய்தி. தங்கச் சுரங்கக் கம்பெனியின் தொழிலாளர் லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் தங்கள் பேருக்கு எழுதிக்கொள்ள மனு தரலாம். சனிக்கிழமை கடைசி. ஐந்து வரி வாசித்தேன். ஆதார், கரண்ட் பில், இரண்டு போட்டோ.

பி.அ.: "எங்க வூட்டுக்காரரோட சர்வீஸ் பேப்பர்லாம் வோணுமா?"

"இதுல இல்லக்கா. வேணாம்."

"நல்லதாப் போச்சு."

வாங்க வேண்டியது: ரவை, துணி சோப்பு, அப்பாவுக்கு இன்ஹேலர்.

ஜூன் 18, புதன்

நேற்று எழுதவில்லை. உடம்பு அசதி. காலையில் நல்ல குளிர் காற்று.

பி.அ. குஷி. அவர் வீட்டுக்காரர் (எனக்கு அண்ணன்) இறந்ததிலிருந்து கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியை நேற்று காலி செய்துவிட்டாராம். பாதிக் காகிதம் கரையான், மீதி ஓட்டு ஒழுகல். எல்லாம் பழைய பேப்பர்காரருக்கு. "அந்தப் பொட்டிய எடுத்தப்பறம் வூட்ல இன்னா எடம் தெரியுமா சுமதி? நீ சொன்னதும்தான் எனக்கு தைரியம் வந்துச்சு."

நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் ஒரு அம்மாள் நான்கு ஃபிரேம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பழைய கண்ணாடியோடு போனார்.

ஜூன் 19, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

வேலு அண்ணன் மனு ஃபாரம் அச்செடுத்துத் தரச் சொல்லியிருந்தார். கடைக் கம்ப்யூட்டரில் அதே செய்தியைத் திறந்தேன். கம்ப்யூட்டர் பழசு, வாசிப்பு முறையெல்லாம் கிடையாது. எண்ணெய் விளம்பரம், மெத்தை விளம்பரம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் போட்ட பட்டியல். என் போனில் இது வரவே இல்லை. சுத்தம் செய்கிறேன் என்று பட்டியலையும் துடைத்து எறிந்திருக்கிறது.

வேலை செய்தவர் உயிரோடு இருந்தால்: நான் சொன்னவை போதும். (எங்கள் வீடு. அப்பா இருக்கிறார். வேலு அண்ணனும் அப்படியே.)

வேலை செய்தவர் இறந்திருந்தால்: அவருடைய பணி எண், ஏதாவது ஓர் ஆதாரத்தோடு. இல்லாவிட்டால் மனு வாங்கப்படாது.

பார்த்தது பதினொரு மணி. உடனே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. பயம். சாயங்கால ரயிலில்தான் சொன்னேன்.

பி.அ. சத்தம் போடவில்லை. "நான் கேட்டேனே சுமதி. பேப்பர் வோணுமான்னு வாயத் தொறந்து கேட்டேனே" என்றார். நம்பர் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். "அவரு நம்பரு எனக்கு இன்னாத்துக்கு? நான் இன்னா ஆஜர் போடற டைம் ஆபீஸா?"

நான் உரிகத்தில் இறங்காமல் அவரோடு மாரிகுப்பம் வரை போனேன். இறங்கும்போது டிபன் பையை விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், முகம் பார்க்கவில்லை.

முப்பது வருஷமாக இருக்கிற வீடு. என் அவசர புத்தி.

ஜூன் 20, வெள்ளி

வெயில். சீட்டில் கைக்குட்டை இல்லை. அங்கே யாரோ காலேஜ் பெண். நின்றேன். வேலு அண்ணன் எழுந்து இடம் கொடுத்தார், உட்காரப் பிடிக்கவில்லை. யாரும் செய்தி கேட்கவில்லை. பி.அ. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய பேப்பர்காரரைத் தேடி அப்பாவை அனுப்பினேன். லோடு புதன்கிழமையே போய்விட்டதாம்.

சாயங்காலம் ஆறரைக்கு போன். பி.அ.தான். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்கு வா. எனக்குக் கண்ணு தெரியல. நீதான் கண்ணாடிக் கடையில கீறியே." வைத்துவிட்டார்.

கடைக்கு லீவு சொல்லியாச்சு.

ஜூன் 21, சனி

அண்ணன் கல்லறையில் சிமெண்ட் சிலுவை. அதன் அடியில் ஒரு புடைப்பு. சுரங்க ஷாஃப்டில் இறங்குமுன் கொடுத்து, ஏறிய பின் திரும்ப வாங்குகிற, பணி எண் பொறித்த பித்தளை டோக்கன். சிலுவை நட்டபோது ஈர சிமெண்டில் பி.அ. தன் கையாலேயே பதித்தாராம். "அவரு நம்பரு அவரு கிட்டயே கீட்டும்னு வச்சேன்."

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அதன் மேல் ஒரு பூச்சு சுண்ணாம்பு. இத்தனை வருஷத்துப் பூச்சு. சாவியால் சுரண்டினேன். அடுக்கடுக்காக வந்தது. நான்கு எண் தெரிந்தது. ஐந்தாவது மூன்றா எட்டா தெரியவில்லை. பி.அ. தண்ணீர் ஊற்றி முந்தானையால் தேய்த்தார். மூன்று.

போட்டோ எடுத்தேன். இரண்டு பேரும் அழுதோம், தனித்தனியாக.

ஆபீஸில் நீள வரிசை. கிளார்க் பழைய ரிஜிஸ்டரில் விரல் வைத்துத் தேடினார். பக்கம் பக்கமாக. பி.அ. என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. கடைசியில் "சிக்த்தும்மா" என்றார் கன்னடத்தில். கிடைத்துவிட்டதாம். அண்ணன் பேர், நம்பர், எல்லாம் சரி. மனுவை வாங்கிக்கொண்டு ரசீதில் சீல்.

வெளியே வந்து டீ குடித்தோம். "மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"டீ ஆறுது, குடி."

ஜூன் 23, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. குடை எடுத்துப் போனேன்.

சீட்டில் நீலக் கைக்குட்டை.

வேலு அண்ணன்: "இன்னிக்கு இன்னா நியூஸு, டீச்சர்?" பழக்கத்தில் விரல் 'சுருக்கம்' பக்கம் போனது. பி.அ. என் கையைத் தட்டிவிட்டார்.

"அத்தத் தொடாத. இருக்கறத இருக்கற மாதிரி படி."

படித்தேன். ஏரியில் தூர் வாருகிற செய்தி. நடுவில் முழங்கால் எண்ணெய் விளம்பரம், அதையும் படித்தேன். அப்புறம் மெத்தை. அப்புறம் மறுபடி ஏரி. பங்காரப்பேட்டை தாண்டியும் முதல் செய்தி முடியவில்லை. வேலு அண்ணன் வாய் திறந்து தூங்கிவிட்டார். தொண்டை வறண்டு நிறுத்தினேன்.

பி.அ. கண்ணை மூடியபடியே, "ம். அப்பறம்?"