மாறிப்போன ஒரு வரி

லட்லோ, மே மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள மகன் ஆம்புரோசுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். லண்டனில் நீ சட்டம்தான் படிக்கிறாயா, வேறு ஏதாவது படிக்கிறாயா என்று அறியவே இந்தக் கடிதம்.

உனக்கும் தாமசினுக்கும் நேற்றுக் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டாயிற்று. அந்தப் பெண் காதுவரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு ஞாயிறு, பிறகு கல்யாணம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. பழுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது.

மனைவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நீ எழுதிய கவிதையைப் போன கிறிஸ்துமஸுக்கு எல்லோர் முன்னாலும் வாசித்தாய். அதிகம் படித்தவள் வேண்டாம், பேரழகி வேண்டாம், இன்னொருவன் போட்டுக் கழற்றிய கையுறையான விதவை வேண்டவே வேண்டாம் என்றாய். வீடே சிரித்தது. தாமசின் அதைத் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

இப்போது அதையே படியெடுத்து அவளுக்குப் பரிசாக அனுப்பியிருக்கிறாய். நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள். "அத்தை, விதவை வேண்டாம்னு இருந்த எடத்துல, 'இழந்து பார்த்தவள் கையே இதமான கை'ன்னு இருக்கு. இதை எதுக்கு எனக்கு அனுப்புறாரு?" என்றாள். ஓசைக்காக மாற்றியிருப்பான் என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை. நானும்தான். பிறகு திருத்தி வைத்திருந்த பிரதியை அப்படியே படியெடுத்துவிட்டாய், யாருக்கு அனுப்புகிறோம் என்பதை மறந்துவிட்டாய்.

அதைக் கொண்டுவந்த வண்டிக்காரரை உட்காரவைத்து, பீர் ஊற்றிக் கொடுத்து விசாரித்தேன். "உங்க பையன் அறைக் கதவை ஒரு அம்மாதான் தொறந்தாங்க. புருஷனை இழந்தவங்க போடுற கறுப்பு உடுப்பு. 'அவரோட அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா'ன்னு கேட்டாங்க" என்றார். என் முழங்கால் லண்டனில் யாருக்கடா தெரியும்? யார் அவள்? அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாயா?

அப்பாவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. இது உன் கைக்கு வர ஆறு நாள் ஆகும். மூன்றாம் ஓலைக்கு முன்னால் வந்து, தாமசினின் முகத்தைப் பார்த்து நீயே சொல்லிவிடு. ஊர் முன்னால் எழுந்து தடை சொல்லும் வேலையை எனக்கு வைக்காதே. வைத்தால் சொல்லிவிடுவேன்.

கிறிஸ்துமஸ் அன்று அந்த வரிக்கு நானும் உன் அப்பாவும் சிரிக்கவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். உன்னிடம் நாங்கள் சொன்னதில்லை: அவர் என்னைப் பெண் கேட்டு வந்தபோது நானும் விதவைக் கறுப்பில்தான் இருந்தேன்.

அவளிடம் முழங்கால் தேவலை என்று சொல். கர்த்தர் உன் நாவில் உண்மையை வைப்பாராக.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
உர்சுலா